கைராசி யாருடையது? ஆறு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், மார்கழி 24: கரூரிலிருந்து கொல்லிமலைக்கு

என் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "உங்க கைராசிங்க அக்கா." சளிக்குச் சித்தரத்தை வாங்கிப்போனவர் மறுவாரம் வந்து சொல்வார். பேறுகால லேகியத்துக்குச் சரக்கு வாங்கிய மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்வார். அப்பா இருந்தவரை அவரிடம் சொன்னார்கள், இப்போது என்னிடம் சொல்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வேன்.

போன மாதம் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்துக்குச் சரக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. 2012-இல் டெங்கு பரவியபோது அரசாங்கமே காய்ச்சிக் கொடுத்த அதே குடிநீர்தான். தராசில் ஒவ்வொன்றாக ஏற்றும்போது திடீரென்று உறைத்தது: இந்த ஒன்பதில் ஒன்றைக்கூட நான் விதைத்ததில்லை, பறித்ததில்லை, வெயிலில் புரட்டிக் காயவைத்ததும் இல்லை. மடித்துக் கொடுத்தது மட்டும்தான் நான். அப்படியென்றால் கைராசி யாருடைய கையில் இருக்கிறது?

அந்தக் கேள்வியோடுதான் இன்று காலை கடைக்குப் பூட்டுப் போட்டேன். எங்கள் ஊர் நெசவுக்குப் பெயர் போனது. நல்ல கனமான போர்வையாக ஆறு வாங்கினேன். சரக்கு அனுப்பும் ஐந்து பேருக்கு ஐந்து, கையிருப்புக்கு ஒன்று. மலையிலும் காட்டிலும் மார்கழிக் குளிருக்கு ஆகும். வருடக்கணக்காக அவர்களில் பலரின் குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். "அனுப்பிட்டேன்", "வந்துருச்சு", "பணம் போட்டாச்சு", அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நாமக்கல்லில் பஸ் மாறினேன். காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவிலேயே எனக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடைக்குள் கைவிட்டு நார்த்தை இலை ஒன்றை எடுத்துக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வா கண்ணு, வெளிய பாக்காத." அந்த வாசனை தலைக்கு ஏறியதும் வயிறு அமர்ந்தது. மருந்து விற்பதே பிழைப்பாக இருந்தும், பிரயாணத்துக்கு ஒரு எலுமிச்சை இலை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. செம்மேட்டில் இறங்கும்போது ஆறாவது போர்வையை எடுத்து அந்தப் பாட்டி மடியில் வைத்தேன். எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. "ஒரு எலைக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மிளகும் முடவாட்டுக்கால் கிழங்கும் அனுப்பும் அக்கா செம்மேட்டிலேயே காத்திருந்தார். என்னைவிட ஒரு தலை உயரம் குறைவு, குரல் மட்டும் மலையளவு. 2020 ஊரடங்கில் லாரி எதுவும் ஓடாதபோது, நிலவேம்புக் குடிநீருக்கு ஊரே என் கடை வாசலில் நின்றபோது, காய்கறி வண்டியில் ஒரு சாக்கு மிளகு ஏற்றிவிட்டவர் இவர்தான். எல்லாப் பக்கமும் விலை ஏறிக்கிடந்த சமயம். இவர் பழைய விலைதான் சொன்னார். "சீக்கு வந்தப்ப வெலை ஏத்துனா அந்தக் காசு தங்குமா?" என்று அன்று போனில் கேட்டார். அந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் அவர் வீட்டில் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம். ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். தோலைச் சீவிவிட்டு, துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிக் கொடுத்தார். மூட்டுவலிக்கு என்று சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிக் குடிப்பது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் கடை கடையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, கவலையும் வருகிறது. அக்காவிடம் கேட்டேன். தன் பாறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பின்பக்கத்து முதிர்ந்த கிழங்கை மட்டும் வெட்டுகிறார். இலை விரிந்திருக்கும் நுனியை ஒரு சாண் விட்டுவைக்கிறார், அது திரும்ப ஓடிக்கொள்ளும். "மொத்தத்தையும் உரிச்சா அடுத்த வருசம் பாறைதான் மிச்சம்." என் கடையில் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு சாண் தெரியாது. இனி ஒவ்வொரு பொட்டலத்தோடும் அதையும் சொல்லிக் கொடுப்பேன்.

போர்வையைப் பிரித்தவுடன் தோளில் போட்டுக்கொண்டார். தூங்கும்வரை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள், மார்கழி 25: மூலனூர்

மலை இறங்கி, கரூர் வழியாகவே மூலனூருக்கு. சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியும் வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ் ஏறியது விநோதமாக இருந்தது.

இங்கே வானம் பெரிது, மழை குறைவு. ரோட்டோரமெல்லாம் ஆவாரை பூத்து மஞ்சளாகக் கிடக்கிறது. எனக்கு ஆவாரம்பூவும் முருங்கைக்கீரைப் பொடியும் அனுப்பும் பெரியவர் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். "வா அம்மிணி, வெயில்ல வந்திருக்கற, மொதல்ல மோரக் குடி" என்று சொம்பை நீட்டினார். அவர் வீட்டம்மா சூரியன் ஏறும் முன்பே பூப்பறித்து, நிழலில் பாய் விரித்து உலர்த்துகிறார். வெயிலில் காய்ந்த பூ வெளுத்துவிடும் என்பதால் இந்தப் பாடு. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு எத்தனை விடியல் என்று அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

அடுத்த காட்டில் கலப்பைக் கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான், இந்தப் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். பூக்கும் பருவத்தில் காலையில் ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்த்துவிடுகிறார்கள். இப்போது அறுப்பு முடிகிற நேரம், காய்கள் களத்தில் காய்கின்றன. விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்து முடக்கும் கீல்வாத வலிக்கு, அதுவும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் அளவில். கிழங்கும் விதையும் கொடிய விஷம். இதை என் கடையில் சில்லறைக்கு விற்பதில்லை, யார் கேட்டாலும் கொடுப்பதும் இல்லை. அப்பா போட்ட கோடு அது. செடி என்றாலே தீங்கில்லை என்று நம்பிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். இந்தச் செடியை மதிக்கிறேன், தள்ளி நின்று.

ராத்திரி அந்த அம்மா முருங்கைக்கீரையில் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தார். களியும் ரசமும். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், மார்கழி 26: மதுரை

கீழமாசி வீதி, தேர்முட்டி. அப்பா தொழில் படித்த தெரு. பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம், வசம்பும் கடுக்காயும் சாம்பிராணியும் வழி சொல்லும்.

அப்பாவோடு சேர்ந்து வேலை பார்த்தவர் இன்றும் காலை பத்து மணிக்கு வந்து அதே ஸ்டூலில் உட்காருகிறார். பார்வை மங்கிவிட்டது. சரக்கைக் கையில் வாங்கி, ஒடித்து, மூக்கருகே கொண்டுபோய், நுனி நாக்கில் வைத்துச் சொல்கிறார். நன்னாரி வேர் என்று சந்தைக்கு வருவதில் மாகாளிக் கிழங்கின் வேரும் கலந்து வரும். வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் வேரை ஒடித்து நாரின் தடிமனைத் தடவிப் பார்த்து இரண்டையும் தனித்தனிக் குவியலாகப் போட்டார். பற்படாகம் என்ற பெயரில் மூன்று நான்கு வகைச் செடிகள் உலவுகின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியாக ஒரு இலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். மென்று முடித்ததும் ஒரு சிட்டிகை சர்க்கரை. வாயில் மணலைப் போட்டதுபோல் இருந்தது, இனிப்பே தெரியவில்லை. "அப்ப இது அசல் சிறுகுறிஞ்சான் தாயி. உங்கப்பனுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், மொத நாளு."

அப்பாவுக்கு அன்று பதினாறு வயது. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. போர்வையைக் கொடுத்துவிட்டுத் தெருமுனைக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நான்காம் நாள், மார்கழி 27: தூத்துக்குடி மாவட்டம்

ராத்திரியே தொண்டை கரகரத்தது. காலையில் மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. தூத்துக்குடிக்கு மேற்கே, வானம் பார்த்த ஒரு ஊரில் போய் இறங்கியபோது குரலே எழும்பவில்லை.

அண்ணாச்சியும் மதினியும் எனக்கு நிலாவாரை அனுப்புகிறவர்கள். மலச்சிக்கலுக்கு உலகம் முழுக்கச் சாப்பிடும் சென்னா மாத்திரையின் இலை இதுதான். வெளிநாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர், திருநெல்வேலி அப்படி ஆகியிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தால், அதிகம் தண்ணீர் கேட்காமல் வளர்ந்து நிற்கும். இலை உருவுவது பெரும்பாலும் பெண்கள். குனிந்தே நடக்கும் வேலை. உருவிய இலையைப் பச்சை மாறாமல் நிழலில் பரப்பி அடிக்கடி புரட்டிவிட வேண்டும்.

என் நிலைமையைப் பார்த்ததும் மதினி பேச்சை நிறுத்திவிட்டு வேலியோரம் போனார். முள் குத்தாமல் தூதுவளை இலைகளைக் கிள்ளி, அம்மியில் மிளகு, சீரகம், பூண்டோடு நசுக்கி, புளி கொஞ்சமாக விட்டு ரசம் வைத்தார். இன்னொரு அடுப்பில் நொச்சி இலைக்குக் கொதிநீர். "நீங்க மருந்து குடுக்கவிய, தெரியும். இன்னைக்கு ஒருநா நான் குடுக்கேன், பேசாம இரிங்க" என்று தலையில் துணியைப் போட்டு வேது பிடிக்க வைத்தார். இருட்டான துணிக்குள் நொச்சி ஆவியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைத்துக்கொண்டேன். வள்ளலார் அன்றாடம் உண்ணச் சொன்னவற்றில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை எல்லாம் உண்டு. எதுவும் மலையேறித் தேட வேண்டியதில்லை, வேலியில் படர்ந்து, வரப்பில் முளைத்துக் கிடப்பவை. எட்டிப் பறிக்கிற தூரத்தில் இருப்பதால்தான் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு பெண்ணுக்கு உடனே வைத்துக் கொடுக்க முடிகிறது. எனக்கு யாராவது இப்படி வேது பிடித்துவிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அம்மா போனபிறகு இதுதான் முதல் தடவை.

மதியத்துக்கு மேல் மூக்கு திறந்தது. அண்ணாச்சி பக்கத்துக் காட்டுக்கு அழைத்துப் போனார். ஏக்கர் கணக்கில் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் யாரும் வைக்காத செடி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் மண்ணில் களைபோல ஒட்டிக்கொண்டது. இதன் கதை எனக்கு எப்போதும் சிலிர்க்கும். பல நாடுகளில் ஜனங்கள் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த அந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950-களில் சோதித்தார்கள். சர்க்கரை குறைகிறதா என்று பார்க்கப்போக, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்தாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு அந்த நோய் வந்தது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டோடு என் கடைக்கு ஓடிவந்து, "உங்ககிட்ட ஏதாவது வேர் இருக்குமாக்கா?" என்று கேட்டார். சீட்டில் வின்கிரிஸ்டின் என்று இருந்தது. "நான் கொடுக்கக்கூடிய வேர் எதுவும் இல்லை. ஆனா அங்க ஏத்துற ஊசியே நம்ம சுடுகாட்டு மல்லிதான். ஒரு நாளும் விடாம போங்க" என்று சொல்லி அனுப்பினேன். இலையைப் பறித்துத் தந்திருந்தால் நான் பாவி ஆகியிருப்பேன். அந்தப் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். வெயிலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஒருவர் நிமிர்ந்து, "நெசமாவா?" என்றார். கையிலிருந்த செடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கூலிக்கு வாறோம், எங்க போகுதுன்னு யாரும் சொன்னதில்லக்கா."

ஐந்தாம் நாள், மார்கழி 28: பாபநாசம்

தாமிரபரணி பாறைகளில் விழுந்து ஓடுகிறது. மேலே பொதிகை மேகத்துக்குள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே அலையக்கூடாது, அலையவும் வேண்டாம் என்பது என் எண்ணம். தேன் அனுப்பும் காணிப் பழங்குடி மூதாட்டி கீழே இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று இந்தப் பக்கம் காணிக்காரர்களின் குடியிருப்புகள்.

கோயில் படித்துறையில் உட்கார்ந்து ஆரோக்கியப் பச்சை என்ற செடியைப் பற்றிக் கேட்டேன். மலையின் கேரளப் பக்கத்தில் நடந்த கதை. 1987-இல் ஆராய்ச்சியாளர்கள் வழிகாட்டிகளாகக் காணிகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். ஆராய்ச்சியாளர்கள் மூச்சுவாங்கி உட்கார, காணிகள் ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டே சளைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. செடியைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்த ஏற்பாட்டை உலகமே எடுத்துப் பேசியது. பிறகு நடைமுறையில் சிக்கல்கள் வந்தன என்பதும் உண்மை.

பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காசு வரும் போகும் மக்களே. யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டா பேரைச் சொல்லணும். அதுதான் வேணும்" என்றார்.

கரூரில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. என் டப்பாக்களின் மேல் சரக்கின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. ஊர் இல்லை, ஆள் இல்லை. பஸ் ஏறும்வரை அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. கடைசிப் போர்வையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பாட்டில் தேனும் கைநிறையக் காட்டு மிளகும் கொடுத்தார். காசு நீட்டினால் கோபித்துக்கொண்டார்.

ஆறாம் நாள், மார்கழி 29, போகி: ஊர் திரும்பல்

திருநெல்வேலியில் ஈரோடு போகும் ரயில். ஜன்னலோரம் கிடைத்தது. நோட்டில் கோடு போட்டுப் புது லேபிள் எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'மிளகு, கொல்லிமலை, நுனி விட்டுக் கிழங்கெடுக்கும் அக்கா.' 'ஆவாரம்பூ, மூலனூர், விடியலில் பறிப்பது.' 'நிலாவாரை, தூத்துக்குடி மதினி.' பெயரே போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டேன். மதினி வெட்கப்பட்டார், கொல்லிமலை அக்கா "பெருசா எழுது" என்றார்.

திண்டுக்கல் தாண்டும்போது கோரைக்கிழங்கு என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது. அமராவதிக்கரை வயல்களில் களையெடுக்கும் நான்கைந்து பெண்கள் வாரம் ஒருமுறை சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்து கடையில் கொட்டுவார்கள். அவர்களுக்குக் களை, எனக்குச் சரக்கு. இவ்வளவு தூரம் சுற்றினேனே, பத்து நிமிட நடையில் இருக்கும் அவர்களுக்கு ஒரு போர்வை எடுக்கவில்லை. எப்போதும் கண்முன்னால் இருப்பவர்கள் என்பதால் நினைவிலேயே வரவில்லை. ஸ்டேஷனில் இறங்கி நேரே ஜவுளிக்கடைக்குப் போய் ஐந்து போர்வை எடுத்துக்கொண்டு, கடைத் தெருவுக்குத் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

தெருவில் வீட்டுக்கு வீடு காப்புக் கட்டியிருந்தார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேர்ந்த கொத்து. எங்கள் கொங்குப் பக்கம் போகியன்று இது இல்லாத வாசல் கிடையாது. ஆறு நாள் பூட்டிக் கிடந்த என் கடை வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஷட்டரின் பூட்டுவளையத்தில் ஒரு கொத்து செருகியிருந்தது. வாடவில்லை, அன்று காலை பறித்தது. கீழே வாசற்படியில் செம்மண் ஒட்டிய ஒரு துணி முடிச்சு. அவிழ்க்காமலேயே தெரிந்தது, கோரைக்கிழங்கு வாசம். பக்கத்து டீக்கடை அக்கா சொன்னார், "களையெடுக்கறவங்க வந்தாங்க. நீ இல்லைன்னதும் அவங்களே கட்டிட்டுப் போனாங்க. வாசல் சும்மா கெடக்கக் கூடாதாம்."

கொத்தை எடுக்காமல், பூட்டை மட்டும் கழற்றி ஷட்டரைப் பாதிக்குத் தூக்கினேன். குனிந்து உள்ளே போய் விளக்கைப் போடுவதற்குள் ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, சுக்கு இருக்கா? நாளைக்குப் பொங்கலுக்கு அம்மா கேட்டாங்க."

"இருக்கு சாமி, வா."

துணி முடிச்சைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுக்கு டப்பாவைத் திறந்தேன்.